பாடம் சரி, பதிப்பு வேறு

சிங்கப்பூரின் கடிகாரம் கிரீனிச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. பைத்தான் மொழி கற்கும் ஒருவர், 2015 வாக்கில் எழுதப்பட்ட பாடம் ஒன்றைப் பார்த்து ஒரு நினைவூட்டல் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடத்தில் உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் ‘யூடிசி’ என்று இருந்த இடத்தில் ‘ஏஷியா, சிங்கப்பூர்’ என்று மாற்றுகிறார். நிரல் ஓடுகிறது. ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. ஆனால் காலை 9 மணிக்கு வர வேண்டிய நினைவூட்டல் 10:05க்கு வருகிறது. நேர வித்தியாசத்தை அச்சிட்டுப் பார்த்தால், எட்டு மணி என்று இருக்க வேண்டிய இடத்தில் 6 மணி 55 நிமிடம் என்று இருக்கிறது.

இந்த 6:55 சிங்கப்பூரின் வரலாற்றிலிருந்து வந்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சிங்கப்பூர் ஏறத்தாழ 103 பாகை 51 கலை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 415 நிமிடத்துக்குச் சற்று மேல், அதாவது 6 மணி 55 நிமிடம் 25 விநாடி. சூரியனை வைத்து ஊருக்கு ஊர் தனி நேரம் வைத்திருந்த காலத்தில் இதுதான் இவ்வூரின் நேரம். 1905 ஜூன் 1 முதல் அது ஏழு மணி ஆனது. 1933இல் 20 நிமிடம் கூடியது. 1941 செப்டம்பரில் ஏழரை ஆனது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் பிடித்ததும் தோக்கியோ நேரமான ஒன்பது மணி வந்தது; 1945 செப்டம்பரில் மீண்டும் ஏழரை. தீபகற்ப மலேசியா தன் நேரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் கூடவே மாறி, 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரக் கணக்குக்கு வந்தது.

உலகின் ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் இப்படி ஒரு வரலாற்று அட்டவணை உண்டு. கணினிகளுக்காகவே அதைத் தொகுத்துப் புதுப்பித்து வருகிறார்கள். பைத்தானில் பல ஆண்டுகளாக இந்த அட்டவணையைப் பயன்படுத்தித் தந்தது ‘பைடிஸெட்’ என்ற பேக்கேஜ். தேதியைச் சொல்லி, ‘இந்தத் தேதிக்குரிய நேரத்தைக் கொடு’ என்று அதற்கென்று உள்ள கட்டளையால் கேட்டால் சரியாக எட்டு மணி கொடுக்கும். அப்படிக் கேட்காமல் மண்டலத்தின் பெயரை நேரடியாகத் தேதிக்குள் செருகினால், அட்டவணையின் முதல் வரியை எடுத்து வைத்துவிடும். சிங்கப்பூருக்கு முதல் வரி சூரியன் காலத்து 6:55. யூடிசிக்கு வரலாறே கிடையாது, ஒரே வரிதான். ஆகவே பாடம் எழுதியவரிடம் அது பிசகாமல் ஓடியது. இந்தியாவில் இருப்பவர் இதையே செய்தால் பழைய கல்கத்தா நேரமான 5:53 வரும். அவருடைய நினைவூட்டல் 23 நிமிடம் முன்னதாகவே ஒலிக்கும்.

2020 அக்டோபரில் பைத்தான் 3.9 வந்தபோது ‘ஸோன்இன்ஃபோ’ என்ற புதிய வசதி மொழியோடே சேர்ந்து வந்தது. அதில் இந்தப் பொறி இல்லை. மண்டலத்தின் பெயரை நேரடியாகச் செருகினாலும் எட்டு மணி என்றே சொல்லும். புதிய பாடங்கள் இதைத்தான் கற்பிக்கின்றன. அதே பாடத்தை விண்டோஸ் கணினியில் பின்பற்றினால் வேறொரு சிக்கல் வரலாம்: சிங்கப்பூர் என்ற நேர மண்டலமே கிடைக்கவில்லை என்று நிரல் நின்றுவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் அந்த அட்டவணை இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. பைத்தான் படிக்கக்கூடிய வடிவில் விண்டோஸ் அதை வைத்திருப்பதில்லை. ‘டிஸெட்டேட்டா’ என்ற சிறு பேக்கேஜைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். ஒரே ஊர், ஒரே கேள்வி, மூன்று கணினிகள், மூன்று விடைகள்.

கற்பவர் இந்த இடத்தில் என்ன நினைக்கிறார் என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது. ‘எனக்கு இது வராது’ என்று நினைக்கிறார். தான் கவனக்குறைவாகத் தட்டச்சு செய்ததாக, தன் ஆங்கிலம் போதாததாக, தன் படிப்புக்கு இது மீறியதாக நினைக்கிறார். நிரலெழுதக் கற்பவர்கள் பாதியில் விடுவதற்குத் தர்க்கம் புரியாமல் போவதைவிட, முதல் நாள் நிறுவலிலேயே சிக்கிக்கொள்வது பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் சிக்கலில் அவர்களுடைய அறிவுக்கோ உழைப்புக்கோ எந்தக் குறையும் இல்லை. பாடம் எழுதப்பட்ட நாளில் இருந்த மென்பொருளும் இன்று அவர்கள் மேசையில் இருக்கும் மென்பொருளும் வேறு வேறு. அவ்வளவுதான் நடந்தது.

2002இல் அச்சான நகர வழிகாட்டியை வைத்துக்கொண்டு தேக்காவுக்கு வருபவரை எண்ணிப் பாருங்கள். அதில் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையம் இருக்காது; வடகிழக்கு ரயில் பாதை திறந்தது 2003 ஜூனில். டௌன்டவுன் பாதை அங்கே வந்து சேர்ந்தது 2015 டிசம்பரில். வழிகாட்டி எழுதியவர் தவறு செய்யவில்லை, வருகிறவரும் தவறு செய்யவில்லை. அச்சிட்ட ஆண்டை மட்டும் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இப்படிக் கற்பவர்கள் பலவகை. தொடக்கப்பள்ளி உயர்வகுப்புகளில் ‘கோட் ஃபார் ஃபன்’ திட்டம் 2020 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து மணி நேர அறிமுகம் தருகிறது. உயர்நிலைப் பள்ளியில் ஓ லெவல் கம்ப்யூட்டிங் எடுப்பவர்கள் பைத்தானில் எழுதுகிறார்கள். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை வைத்து வகுப்பில் சேரும் நடுத்தர வயதினர் இருக்கிறார்கள். வகுப்புகளில் ஆசிரியர் பதிப்பைப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கிடைத்து, தங்குவிடுதிக் கட்டிலில் பழைய மடிக்கணினியைத் திறந்துவைத்து, காணொளி பார்த்துத் தனியாகக் கற்கும் இளைஞர்களும் இங்கே உண்டு. தமிழ்நாட்டில் டிப்ளமோவோ பொறியியலோ படித்துவிட்டுக் கட்டுமானத் தளத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவர்கள். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு.

தமிழில் நிரலெழுத முயல்பவருக்கு வரும் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கணினியைக் கேளுங்கள். பைத்தான் 2இல் எழுதிய பழைய நிரல் 15 என்று சொல்லும். பைத்தான் 3 அதே கேள்விக்கு 5 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து: த, மி, ழ்.

மூன்றும் தத்தம் கணக்கில் சரியே. யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. தகரத்தோடு கூட்டினால் ஐந்து. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் கோப்பில் சேமிக்க, யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் வேண்டும், ஐம்மூன்று பதினைந்து. பைத்தான் 2 சாதாரணச் சொல்லைப் பைட்டுகளின் வரிசையாகப் பார்த்தது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 அதை யூனிகோட் குறியீடுகளின் வரிசையாகப் பார்க்கத் தொடங்கியது. எழுத்தாக எண்ணி மூன்று என்று விடை வேண்டுமானால் ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற பேக்கேஜ் தேவை. ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவருடைய தோழர்களும் சேர்ந்து வளர்த்த கட்டற்ற பேக்கேஜ் அது.

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அந்தப் பதிப்புக்காக எழுதிய பாடங்கள் மட்டும் இன்னும் இணையத்தில் கிடைக்கின்றன. அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பைத்தான் 2 பாடம். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மூடிவிட்டு வேறு பாடம் தேடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸில் மட்டும் வருவது. தமிழ்ச் சொற்கள் உள்ள ஒரு கோப்பைத் திறந்து படிக்கும் பயிற்சி. பாடம் எழுதியவர் மேக்கில் செய்துகாட்டுகிறார். வரிகள் அழகாக வருகின்றன. நம் விண்டோஸ் கணினியில் அதே நிரல், ‘இந்தப் பைட்டைப் பிரித்தறிய முடியவில்லை’ என்று நிற்கிறது. கோப்பில் ‘மலை’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால் நிற்காமல், ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ ஒன்றை அச்சிடும். ‘கல்’ என்று இருந்தால் நின்றுவிடும். ஏன் இந்த வேறுபாடு?

ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில், கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால், பைத்தான் அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற பழைய பட்டியலை வைத்துப் படிக்கிறது. அந்தப் பட்டியலில் 256 இடங்கள். அவற்றில் ஐந்து இடங்கள் காலி. தமிழ்ப் புள்ளியை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது வரும் மூன்று பைட்டுகள் 224, 175, 141. இந்த 141 அந்த ஐந்து காலி இடங்களில் ஒன்று. ஆகவே புள்ளி வந்த இடத்தில் நிரல் திகைத்து நிற்கிறது. ‘மலை’யில் உள்ள பைட்டுகள் எல்லாவற்றுக்கும் பட்டியலில் ஏதோ ஓர் எழுத்து இருப்பதால், பொருளற்ற எழுத்துகளாக வந்து கொட்டுகிறது. உகரக் குறியும் 129 என்ற காலி இடத்தில் விழும். ‘கதவு’ என்று எழுதினாலும் நிற்கும்.

கோப்பைத் திறக்கும் கட்டளையோடு, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. மேக்கில் அதுவே இயல்பாக இருப்பதால் பாடம் எழுதியவருக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. பைத்தான் 3.15இலிருந்து எல்லாக் கணினிகளிலும் யூடிஎஃப்-8 இயல்பாகவே இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழ்க் கோப்போடு வேலை செய்பவர்கள் அந்த ஒரு சொல்லை எழுதியே பழக வேண்டும். அப்படி எழுதிய நிரல் யாருடைய கணினியிலும் சரியாக ஓடும்.

தமிழுக்கு இந்த வகைத் துன்பம் புதிதல்ல. அதைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஒரு சிங்கப்பூரர். எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்ற தமிழ் எழுத்துரு முறையை உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் தமிழும் இடம்பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதிய பக்கம், அந்த எழுத்துரு இல்லாத இன்னொருவர் திரையில் புரியாத எழுத்துகளாகத் தெரிந்தது. எழுதியவர் பிழையும் இல்லை, படிப்பவர் பிழையும் இல்லை. இடையில் ஒப்பந்தம் இல்லை. அந்த ஒப்பந்தத்துக்காகவே 1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘தமிழ்நெட் 97’ என்ற கருத்தரங்கு கூடியது. கோவிந்தசாமி 1999 மே மாதம் காலமானார். மறு ஆண்டு சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. இன்று நாம் எந்தக் கைப்பேசியிலிருந்து எந்தக் கைப்பேசிக்கும் தமிழில் எழுதுகிறோம் என்றால், பதிப்பும் குறியாக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்று அந்தத் தலைமுறை விடாமல் வாதாடியதும் அதற்கு ஒரு காரணம்.

இனி நிறுவலுக்கு வருவோம். கற்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘என் கணினியில் எந்தப் பைத்தான் ஓடுகிறது’ என்பது. பைத்தான் இருக்கிறதா என்பது மட்டும் போதாது. ஒரே கணினியில் மூன்று நான்கு பைத்தான்கள் இருப்பது மிகச் சாதாரணம்: ஒருமுறை வலைத்தளத்திலிருந்து இறக்கியது, ஒருமுறை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்தது, அனகோண்டா என்ற தொகுப்பை நிறுவியபோது கூடவே வந்தது. பெயரைத் தட்டச்சு செய்ததும் இவற்றுள் எது விழிக்கும் என்பதைத் தீர்மானிப்பது ‘பாத்’ என்ற பட்டியல். கணினி அந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதை ஓட்டும். விண்டோஸ் 10, 11இல் பைத்தான் நிறுவாமலே பெயரைத் தட்டினால் ஸ்டோர் திறந்துகொள்வதும் இந்தப் பட்டியலால்தான். வலைத்தளத்திலிருந்து இறக்கும் வழக்கமான நிறுவியில், முதல் திரையின் அடியில், பைத்தானைப் பாத்தில் சேர்க்கவா என்று ஒரு சிறு பெட்டி உண்டு. அது இயல்பாகக் குறியிடப்பட்டிருக்காது. அதில் குறியிடாமல் ‘இன்ஸ்டால் நவ்’ அழுத்தியவர்கள் பலர்.

‘நிறுவிவிட்டேன், ஆனால் மாட்யூல் இல்லை என்கிறது’ என்ற புலம்பலுக்கும் மூலம் இதுவே. பேக்கேஜ்களைக் கொண்டுவரும் ‘பிப்’ ஒரு பைத்தானுக்குச் சொந்தமாக இருக்கும்; நிரலை ஓட்டுவது இன்னொரு பைத்தானாக இருக்கும். பேக்கேஜ் பத்திரமாக இறங்கியிருக்கிறது, பக்கத்து வீட்டில். பிப்பைத் தனியாக அழைக்காமல், எந்தப் பைத்தானில் நிரல் ஓடுமோ அந்தப் பைத்தானின் வழியாகவே அழைப்பது நல்ல பழக்கம்.

பதிப்பு எண்ணைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 3.10 என்பது 3.9க்குப் பிந்தியது. தசம எண்ணாகப் படித்தால் முந்தியது என்று தோன்றும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனி எண்ணாகப் படிக்க வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு பாதுகாப்பு உண்டு.

ஆகப் புதியதையே நிறுவினால் நல்லது என்றுதான் எவருக்கும் தோன்றும். கற்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. காரணம் இது. நம்பை, பாண்டாஸ் போன்ற பேக்கேஜ்களின் உள்ளே வேகத்துக்காக சி மொழியில் எழுதிய பகுதிகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகத் தொகுத்து வைத்தால்தான் நமக்கு உடனே இறங்கும். அந்தக் கோப்பின் பெயரிலேயே எந்தப் பைத்தானுக்கு, எந்த இயங்குதளத்துக்கு என்று எழுதியிருக்கும். புதிய பைத்தான் வந்த சில மாதங்களுக்கு எல்லாப் பேக்கேஜ்களுக்கும் அப்படித் தொகுத்த கோப்பு இருக்காது. அப்போது பிப், மூல நிரலை எடுத்து உங்கள் கணினியிலேயே தொகுக்க முயலும். விண்டோஸில் ‘விஷுவல் சி++ 14 வேண்டும்’ என்று சிவப்பு எழுத்தில் பக்கம் பக்கமாகக் கத்தும். பலர் அதை நம்பிப் பல ஜிகாபைட் மென்பொருளை இறக்குகிறார்கள். தேவையில்லை. ஒரு பதிப்பு பின்னால் இருக்கும் பைத்தானை நிறுவினால் பெரும்பாலும் அந்தச் சிவப்பு மறைந்துவிடும்.

பழையது வேண்டும் என்றாலும் எல்லையுண்டு. சிம் லிம் ஸ்குவேர் பக்கம் கிடைக்கும் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8, அதற்கான பாதுகாப்பும் 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. 3.9ஐ அந்தக் கணினி ஏற்காது. அப்படிப்பட்ட கணினியில் எளிமையான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வதே நான் சொல்லும் வழி, செலவும் இல்லை. பள்ளி தந்த குரோம்புக்கிலோ ஐபேடிலோ நிறுவவே அனுமதி இல்லாத மாணவர்களுக்கு, உலாவி வழியாகவே பயன்படுத்தும் பைத்தான் போதும். கூகுள் கோலாப் போன்ற இடங்களில் பதிப்பைப் பராமரிப்பது அந்தச் சேவையை நடத்துபவர்கள் பொறுப்பு. தொடக்கநிலையில் அது ஒரு நிம்மதி.

ஒரு பாடத்துக்கு நம்பையின் பழைய பதிப்பும் இன்னொன்றுக்குப் புதிய பதிப்பும் வேண்டும் என்றால்? 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, பல பழைய பேக்கேஜ்களோடு ஒத்துப்போகவில்லை. 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0, அட்டவணையில் வரிசை சேர்க்க எல்லாப் பாடங்களும் கற்பித்துவந்த ‘அப்பெண்ட்’ கட்டளையையே நீக்கிவிட்டது. பைத்தானும் 2023 அக்டோபரின் 3.12 பதிப்பில் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பழைய மாட்யூலை எடுத்துவிட்டது; அதை நம்பியிருந்த பேக்கேஜ்கள் சில அந்தப் பதிப்பில் நிறுவ முடியாதவை ஆயின. இவற்றுக்கு மருந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஏற்ற பைத்தானைக் கொண்டு உருவாக்கும் ஒரு தனி மெய்நிகர்ச் சூழல். 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே ‘வென்வ்’ என்ற பெயரில் அது பைத்தானோடு வருகிறது. பாடத்துக்கென்று ஒரு ஃபோல்டர். அதற்குள் அந்தப் பைத்தானுக்கான இணைப்பு, தனிப் பேக்கேஜ்கள். கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். வேறு எதுவும் பாதிக்காது. உபுண்டு, டெபியன் லினக்ஸ்கள் 2023 முதல், சூழல் உருவாக்காமல் பிப்பால் பேக்கேஜ் நிறுவ இயல்பாக விடுவதில்லை. அந்தத் தடையைக் கட்டாயமாகத் தாண்டும் வழி ஒன்றை இணையத்தில் சொல்வார்கள். இயங்குதளத்தையே உடைக்கக்கூடியது என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறது. தாண்டாதீர்கள்.

பதிப்போடு தொடர்பில்லாமல், பதிப்புச் சிக்கல் போலவே தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான பாடங்களில் ‘டர்ட்டில்’ என்ற ஆமை கோடு வரையும். பிள்ளை தன் கோப்புக்கும் ‘டர்ட்டில்’ என்றே பெயர் வைத்துச் சேமிக்கும். பைத்தான் மாட்யூலைத் தேடும்போது முதலில் அதே ஃபோல்டரைத்தான் பார்க்கும். பிள்ளையின் கோப்பையே ஆமை என்று எடுத்துக்கொண்டு, அதில் வரையும் கட்டளை இல்லை என்று குறைசொல்லும். பெற்றோர் பைத்தானை நீக்கி மீண்டும் நிறுவுவார்கள், மாறாது. கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.

பிழைச்செய்தி நீளமாக வந்தால் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். பைத்தான் அங்கேதான் என்ன நடந்தது என்று சொல்கிறது. அதற்கு மேலிருப்பவை அது வந்த வழி. அந்த வழியில் உங்கள் கோப்பின் பெயர் வரும் வரியைக் கண்டுபிடியுங்கள். பிறகு பாடம் எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பாருங்கள். உங்கள் பைத்தான், பேக்கேஜ் பதிப்புகளைக் கேட்டு எழுதிவையுங்கள். பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் அந்தக் கட்டளையின் பெயரைத் தேடுங்கள். நீக்கப்பட்டிருந்தால் பதிலாக எது என்று பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப்பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றி நிரல் ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று தெரியாமலே போகும்.

இப்போது பலர் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்கிறார்கள், தவறில்லை. அதுவும் பழைய பாடங்களைப் படித்து வளர்ந்ததுதான். பதிப்பு எண்ணைச் சொல்லாமல் கேட்டால், நீக்கப்பட்ட கட்டளையையே மறுபடி எழுதிக் கொடுக்கக்கூடும். மனிதரிடம் கேட்டாலும் கருவியிடம் கேட்டாலும் முழுப் பிழைச்செய்தி, பதிப்பு எண், இயங்குதளம் மூன்றையும் எழுத்தாகவே கொடுங்கள். திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் கடைசி வரி வெட்டுப்படுகிறது. தேடிப் பார்க்கவும் முடிவதில்லை.

தமிழில் நிரலாக்கப் பாடம் எழுதுபவர்களிடமும் காணொளி செய்பவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பாடத்தின் முதல் வரியில் நான்கு விவரம் தாருங்கள்: எழுதிய மாதமும் ஆண்டும், பைத்தான் பதிப்பு, உங்கள் இயங்குதளம், பயன்படுத்திய பேக்கேஜ்களின் பதிப்பு எண்கள். பிப் அந்தப் பட்டியலை ஒரே கட்டளையில் எடுத்துத் தந்துவிடும். அதை ஒரு கோப்பாகப் பாடத்தோடு இணையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பழைய பாடத்தைப் புதிய கணினி ஒன்றில் முதல் வரியிலிருந்து ஓட்டிப்பாருங்கள். ஓடாவிட்டால் மேலே ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒரு வாரம் முழுக்க உழைத்துவிட்டு, கிடைத்த ஒரே ஓய்வு நாளில் உங்கள் பாடத்தைத் திறப்பவருக்கு அது மிகப் பெரிய உதவி.